யார் கட்டிய வீடு, யார் குடிபோவது?



அழைப்பிதழில் ‘மேற்கத்தியச் சிந்தனையில் வரலாற்றுத் தத்துவம்’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். ஒரு மாலைப் பொழுதில் இதைச் சொல்லி முடிக்க முடியாது என்பது அழைத்தவர்களுக்கும் தெரியும், வந்திருக்கும் உங்களுக்கும் தெரியும். அதனால் ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொள்கிறேன். வரலாற்றாசிரியருக்குக் கடந்த காலம் எப்படித் தெரிகிறது, அவர் காரணம் என்று சொல்வதும் விஞ்ஞானி காரணம் என்று சொல்வதும் ஒன்றுதானா என்றெல்லாம் இருபதாம் நூற்றாண்டில் காலிங்வுட், ஹெம்பல், டான்டோ போன்றவர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். அந்தப் பக்கம் இன்று நான் போகவில்லை. நான் எடுத்துக்கொள்வது பழைய, கொஞ்சம் பெயர் கெட்டுப்போன பக்கம். வரலாறு எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது என்று நம்பியவர்களின் பக்கம்.

அவர்களிடம் கேட்க வேண்டியது இதுதான்: வரலாறு ஓர் இடத்துக்குப் போகிறது என்றால், போகிற வழியில் செத்தவர்களின் கணக்கை யார் பெயரில் எழுதுவது?

இது என் சொந்தக் கேள்வி இல்லை. 1784ஆம் ஆண்டு நவம்பரில் பெர்லின் மாத இதழ் ஒன்றில் இம்மானுவேல் காண்ட் எழுதிய கட்டுரைக்குள் இருக்கிறது. அந்தக் கட்டுரை பிறந்ததே ஒரு சின்னத் தொல்லையால்தான். கோனிக்ஸ்பெர்க்குக்கு வந்துபோன ஓர் அறிஞரிடம் காண்ட் பேச்சோடு பேச்சாக எதையோ சொல்லியிருக்கிறார். மனித இனத்தின் இறுதி இலக்கு முழுமையான அரசியல் அமைப்பை அடைவது என்று காண்ட் கருதுகிறார், அந்த நோக்கில் ஒரு வரலாற்றை யாராவது எழுத வேண்டும் என்று விரும்புகிறார் என்று கோத்தா நகரப் பத்திரிகை ஒன்று துணுக்காகப் போட்டுவிட்டது. விளக்கம் சொல்லாமல் விட்டால் உளறல் மாதிரி இருக்கும் என்று காண்ட் உட்கார்ந்து எழுதினார். ஒன்பது கூற்றுகள். அவற்றில் மூன்றாவதை விளக்கும்போது அவரே தயங்கி நிற்கிறார். மனிதனின் திறமைகளெல்லாம் ஒரு தலைமுறையில் முதிர்வதில்லை, தலைமுறை தலைமுறையாகத்தான் முதிர்கின்றன என்று ஆகிவிட்டால், முன்னால் வந்தவர்கள் பாடுபட்டதெல்லாம் பின்னால் வருகிறவர்களுக்காக என்று ஆகிறது. நீண்ட வரிசையில் நின்று முன்னோர்கள் ஒரு வீட்டைக் கட்டுகிறார்கள், கடைசியில் வருகிறவன் மட்டும் குடிபோகிறான். இது விசித்திரமாகத்தான் இருக்கிறது என்று காண்ட் ஒத்துக்கொள்கிறார். ஆனாலும் தனிமனிதன் சாகிறவன், இனம் சாகாதது என்று எடுத்துக்கொண்டால் வேறு வழியில்லை என்று சொல்லி அடுத்த கூற்றுக்குப் போய்விடுகிறார்.

அவர் தாண்டிப்போன அந்த இடத்தில்தான் இன்று நாம் நிற்கப்போகிறோம்.

காண்டுக்கு முன்னால் இந்தக் கேள்வி இருந்ததா? கிரேக்கர்களிடம் இந்த வடிவத்தில் இல்லை. துசிடைடீஸ் ஆம்ஃபிபொலிஸ் நகரை இழந்ததற்காக இருபது வருடம் நாடு கடத்தப்பட்டவர். பொலிபியஸ் ரோமுக்குப் பிணையாளியாகக் கொண்டுபோகப்பட்டவர், கி.மு. 146இல் கார்த்தேஜ் எரிந்தபோது தளபதி சிப்பியோவின் பக்கத்தில் இருந்தவர். வென்றவனான சிப்பியோ, ஒருநாள் ரோமுக்கும் இதே கதி வரும் என்று நினைத்துக் கண் கலங்கினான் என்று அவர் எழுதினார். முடியாட்சி கொடுங்கோன்மையாகும், அது கவிழ்ந்து மேன்மக்கள் ஆட்சி வரும், அதுவும் கெடும், மக்களாட்சி வரும், அதுவும் கெட்டுத் திரும்ப முதலுக்கே வரும் என்பது அவர் கணக்கு. சுற்றி வருகிற வரலாற்றில் யாரும் யாருக்காகவும் வீடு கட்டுவதில்லை.

நேர்கோடு வேறொரு பேரழிவுக்குப் பின் வருகிறது. கி.பி. 410 ஆகஸ்ட் 24 அன்று அலாரிக்கின் விசிகோத்துப் படை ரோமுக்குள் புகுந்து மூன்று நாள் சூறையாடியது. அகதிகள் கடல் தாண்டி வட ஆப்பிரிக்காவுக்கு வந்தார்கள். இன்று அல்ஜீரியாவில் அன்னாபா என்று இருக்கும் ஹிப்போ நகரில் ஆயராக இருந்தவர் அகுஸ்தீன். பழைய தெய்வங்களுக்கான பலிகளைப் பேரரசு நிறுத்தி இருபது வருடம்கூட ஆகவில்லை. உங்கள் கிறிஸ்து வந்தார், எங்கள் நகரம் போயிற்று என்று படித்த ரோமர்கள் கேட்டார்கள். பதிலாக 413இல் தொடங்கி ஏறக்குறைய பதின்மூன்று வருடம் எழுதிய இருபத்திரண்டு புத்தகங்கள்தான் ‘இறைவனின் நகரம்’.

அதன் இறையியல் சட்டகத்தை எல்லாப் பாடநூலும் சொல்லும்: இரண்டு நகரங்கள், ஒன்றோடொன்று கலந்தே பயணம் செய்கின்றன, கடைசித் தீர்ப்பில்தான் பிரியும். எனக்கு முக்கியமாகப் படுவது முதல் புத்தகம். தத்துவத்தைத் தொடங்கும் முன் அவர் சூறையாடலில் மானபங்கப்படுத்தப்பட்ட பெண்களைப் பற்றிப் பேசுகிறார். ரோமில் பழைய காலத்து லுக்ரேஷியா கற்புக்காகத் தற்கொலை செய்துகொண்டாள், இவர்கள் ஏன் உயிரோடு இருக்கிறார்கள் என்று கேலி செய்கிறவர்கள் இருந்தார்கள். மனம் இசையாத செயலில் குற்றம் செய்தவனுக்குத்தான் குற்றம், அந்தப் பெண்களுக்கு எந்தக் களங்கமும் இல்லை, அவர்கள் சாக வேண்டியதில்லை என்று அகுஸ்தீன் வாதாடுகிறார். அதே மூச்சில், ஒருவேளை தங்கள் கற்பைப் பற்றி அவர்களுக்கு மறைவான கர்வம் இருந்திருக்கலாம், அதைத் திருத்த இறைவன் அனுமதித்திருக்கலாம் என்றும் சேர்த்துவிடுகிறார்! வரலாற்றுக்கு அர்த்தம் உண்டு என்று சொல்லத் தொடங்கியவர் கை எங்கே போய் நிற்கும் என்பதற்கு இதைவிடப் பழைய உதாரணம் எனக்குத் தெரியாது. பாதிக்கப்பட்டவர்களுக்காக வாதாடுகிற அதே பக்கத்தில், அவர்கள் பட்டதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தாக வேண்டியிருக்கிறது. 430இல் வேண்டல்கள் ஹிப்போவை முற்றுகையிட்டிருந்தபோது அகுஸ்தீன் இறந்தார்.

ஆயிரத்து முந்நூறு வருடத்தைத் தாண்டுகிறேன். நேப்பிள்ஸில் விக்கோ என்ற ஏழைப் பேராசிரியர், 1725இல் தன் ‘புதிய அறிவியல்’ நூலை அச்சிடப் பணம் தருவதாகச் சொன்ன கர்தினால் கைவிரித்ததும், தன் மோதிரத்தை விற்று, நூலையும் பாதியாக வெட்டி அச்சிட்டார். அவரைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும், இன்று நேரமில்லை. நேராக வோல்டேருக்குப் போவோம். ‘வரலாற்றுத் தத்துவம்’ என்ற பெயரை ஒரு நூலுக்கு முதலில் சூட்டியவர் அவர்தான், 1765இல். அட்டையில் அவர் பெயர் இல்லை. மறைந்த பாதிரியார் பஸான் எழுதியது என்று போட்டார். அப்படி ஒரு பாதிரியார் இல்லை.

அந்த நூலின் எதிரி பொசுவே. பதினான்காம் லூயியின் மகனுக்கு ஆசிரியராக இருந்த ஆயர் அவர். 1681இல் ‘உலக வரலாறு’ என்று எழுதினார். அந்த உலகத்தில் யூதர்கள் உண்டு, ரோமர்கள் உண்டு, சீனாவும் இந்தியாவும் இல்லை. வோல்டேர் கொதித்தார். உலக வரலாற்றைச் சீனாவிலிருந்து தொடங்கினார். யூதர்களுக்கு முன்பே உயர்ந்த, ஒரே கடவுளை வணங்கும் மதம் கீழ்த்திசையில் இருந்தது என்று நிறுவ வேண்டும். அதற்கு ஆதாரம் வேண்டும். ஆதாரம் கிடைத்தது, நம் கரையிலிருந்து.

1760இல் மொதாவ் என்ற பிரெஞ்சுப் படை அதிகாரி, தமிழகக் கடற்கரையிலிருந்து ஊர் திரும்பியவர், வோல்டேரைப் பார்த்து ஒரு கையெழுத்துப் பிரதியைக் கொடுத்தார். பெயர் ‘எசூர்வேதம்’. பியாச் என்றும் சுமாந்து என்றும் இருவர், அதாவது வியாசரும் சுமந்துவும், உரையாடுவது போல அமைந்தது. சுமந்து உருவ வழிபாட்டைக் கண்டிப்பார், ஒரே கடவுளைப் போற்றுவார். வோல்டேருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. அலெக்சாந்தர் இந்தியாவுக்கு வருவதற்கு முன்பே எழுதப்பட்ட நூல் என்று தீர்மானித்து, 1761இல் பாரிஸ் அரச நூலகத்துக்குக் கொடுத்தார். ‘வரலாற்றுத் தத்துவ’த்தின் இந்தியா பற்றிய அத்தியாயத்தில் அதைப் பெருமையோடு குறிப்பிட்டார்.

அது வேதமே இல்லை. 1782இல் சொன்னெரா என்ற பிரெஞ்சுப் பயணி, இது மிஷனரிகள் செய்த வேலை என்று எழுதிவிட்டார். பிறகு முழு விவரத்தோடு உடைத்தவர் நமக்குத் தெரிந்தவர்: எல்லீஸ். சென்னையில் கலெக்டராக இருந்து, திருக்குறளுக்கு உரையும் மொழிபெயர்ப்பும் செய்து, தென்மொழிகள் தனிக் குடும்பம் என்று 1816இலேயே எழுதிய அதே எல்லீசன்தான். புதுச்சேரி மிஷனில் இதே கையெழுத்துப் பிரதிகளைப் பார்த்து, சமஸ்கிருதச் சொற்கள் வங்காள உச்சரிப்பில் எழுதப்பட்டிருப்பதையெல்லாம் காட்டி அவர் எழுதிய கட்டுரை, அவர் இறந்து மூன்று வருடம் கழித்து, 1822இல் ‘ஆசியாட்டிக் ரிசர்ச்சஸ்’ இதழில் வந்தது. ராபர்ட் தெ நோபிலிதான் எழுதினார் என்ற அவர் ஊகம் பின்னால் தள்ளுபடியாயிற்று. ஆனால் ஏசு சபையினர் கைவேலை என்பதில் ஆய்வாளர்களுக்கு இன்று பெரிய சந்தேகம் இல்லை. இந்துக்களைப் பையப்பைய கிறிஸ்தவத்துக்குக் கொண்டுவரப் பாதிரிமார் செய்து வைத்த நூலை, கிறிஸ்தவத் திருச்சபையை அடிக்க ஆயுதமாகத் தூக்கினார் வோல்டேர். சிரிப்பு வருகிறது, வரட்டும். ஆனால் கவனியுங்கள்: பொசுவேயிடம் முடிவு முன்பே இருந்தது, வோல்டேரிடமும் முடிவு முன்பே இருந்தது. பொசுவேயின் முடிவில் இந்தியாவுக்கு இடமில்லை, வோல்டேரின் முடிவில் பெரிய இடம் உண்டு. இரண்டிலும் இந்தியாவைக் கேட்டு யாரும் எதுவும் எழுதவில்லை. கேட்டவர் எல்லீஸ், அவர் தத்துவவாதி இல்லை, ஓலைகளைப் புரட்டிக்கொண்டிருந்த அரசு ஊழியர்.

முன்னேற்றம் என்ற கருத்தின் உச்சம் கொந்தோர்செ. அவரைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்க வேண்டும். கணித மேதை, பாரிஸ் அறிவியல் அகாதமியின் நிரந்தரச் செயலாளர். 1781இல் கறுப்பின அடிமை முறையை எதிர்த்து எழுதினார். 1790இல் பெண்களுக்குக் குடியுரிமை வேண்டும் என்று எழுதினார், அப்போது அதை வாய்விட்டுச் சொன்ன ஆண்களை விரல்விட்டு எண்ணலாம். புரட்சியை வரவேற்றார். 1793இல் புரட்சியின் தீவிரப் பிரிவான யாக்கோபின்கள் கொண்டுவந்த அரசியல் சட்டத்தை எதிர்த்து எழுதியதும் ஜூலை 8 அன்று கைது ஆணை வந்தது. லுக்சம்பர்க் தோட்டத்துக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில், சிற்பி ஒருவரின் விதவையான திருமதி வெர்னே வீட்டில் ஒளிந்தார். மனைவி சோபி வெளியே சிறு உருவப்படங்கள் வரைந்து கொடுத்துப் பிழைத்தார். சட்டப் பாதுகாப்புக்கு வெளியே தள்ளப்பட்டவனுக்கு இடம் கொடுத்தால் உங்களுக்கும் மரண தண்டனை, நான் போய்விடுகிறேன் என்றார் கொந்தோர்செ. புரட்சி மாமன்றம் உங்களைச் சட்டத்துக்கு வெளியே தள்ளலாம், மனிதத்துக்கு வெளியே தள்ள அதற்கு அதிகாரமில்லை என்ற பொருளில் பதில் சொல்லி, அவர் வெளியேறாமல் காவலும் போட்டு வைத்தாராம் அந்த அம்மாள்.

அந்த அறையில், தன் நூலகம் கையில் இல்லாமல், எந்த நாளும் கதவு தட்டப்படலாம் என்ற நிலையில், அவர் எழுதியது ‘மனித மனத்தின் முன்னேற்றம் பற்றிய வரலாற்றுச் சித்திரம்’. பத்துக் காலங்கள். ஒன்பது நடந்து முடிந்தவை. பத்தாவது எதிர்காலம்: நாடுகளுக்கு இடையே ஏற்றத்தாழ்வு மறையும், ஒரே நாட்டுக்குள் சமத்துவம் வளரும், மனிதன் மேலும் மேலும் செம்மைப்படுவான், ஆயுள்கூட நீளும், எல்லை என்று ஒன்று இல்லை. கடைசிப் பக்கத்தில் அவர் தன்னைப் பற்றி மறைமுகமாகப் பேசுகிறார். இந்த எதிர்காலத்தை நினைப்பதே, அநியாயங்களால் துன்புறும் ஒரு தத்துவவாதிக்குப் புகலிடம், துரத்துகிறவர்களின் நினைவு அங்கே பின்தொடராது என்கிறார்.

1794 மார்ச் 25 அன்று, தன்னால் அந்த அம்மாளுக்கு ஆபத்து என்று வீட்டை விட்டு நழுவினார். பழைய நண்பர் வீட்டில் தங்க இடம் கிடைக்கவில்லை. இரண்டு நாள் கழித்து கிளமார் ஊரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பிடிபட்டார். ஆம்லெட்டுக்கு எத்தனை முட்டை என்று கேட்டதற்குப் பன்னிரண்டு என்றாராம், சமையலறையே தெரியாத பிரபு என்று மாட்டிக்கொண்டாராம். இந்தக் கதையை நான் அவ்வளவாக நம்பவில்லை, கணக்கில் புலியானவனைக் கணக்கில் மாட்டிவிட யாரோ ஆசைப்பட்டிருக்கிறார்கள். சிறையில் அடைக்கப்பட்ட சில நாளுக்குள் அறையில் பிணமாகக் கிடந்தார். விஷமா, களைப்பா என்பது தீரவில்லை. மறு வருடம், அவரைத் தேடிய அதே மாமன்றம், ஆட்கள் மாறியிருந்த மாமன்றம், அந்த நூலின் 3,000 பிரதிகளை அரசுச் செலவில் வாங்கி விநியோகித்தது.

கொந்தோர்செயைக் கேலி செய்வது சுலபம். பலர் செய்தார்கள். மால்தஸின் 1798ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கட்டுரையின் தலைப்பிலேயே கொந்தோர்செ பெயர் உண்டு. முன்னேற்றமாவது, சோறு போதாது என்றார் மால்தஸ். பிறகு அவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் கல்லூரியில் பேராசிரியரானார், இந்தியாவுக்கு வரும் அதிகாரிகள் அங்கே படித்தார்கள். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் நிவாரணத்தைச் சுருக்க வேண்டும் என்று சொன்ன வைஸ்ராய் லிட்டனின் வாதங்களில் மால்தஸ் வாடை தூக்கலாக இருந்தது. முன்னேற்றத்தை நம்பியவனின் தவறுகளைப் பேசும்போது, நம்பாதவர்களின் தவறுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது.

கொந்தோர்செயிடம் எனக்குக் குறையாகப் படுவது வேறு. வருங்காலத்தை நினைத்தால் அவருக்கு ஆறுதல். அந்த ஆறுதல் யாருக்குக் கிடைக்கும்? எழுதத் தெரிந்தவருக்கு. அதே மார்ச் மாதத்தில் கில்லட்டினுக்குப் போன சமையல்காரிக்கும் வண்டிக்காரனுக்கும் பத்தாம் காலத்தில் என்ன பங்கு?

ஹெகல் இந்தக் கேள்வியைக் கேட்காமல் ஓடவில்லை. அதற்காகவே அவரை மதிக்கிறேன். பெர்லினில் 1822 முதல் 1831 வரை ஐந்து முறை உலக வரலாற்றுத் தத்துவம் பற்றி விரிவுரை நிகழ்த்தினார். அவர் இறந்த பிறகு, 1837இல், மாணவர் குறிப்புகளையும் சேர்த்து நூலாகப் போட்டார்கள். முன்னுரையிலேயே, வரலாற்றைப் பார்த்தால் அது மக்களின் இன்பமும் அரசுகளின் அறிவும் தனிமனிதரின் நற்குணமும் பலியிடப்பட்ட வெட்டுமேடையாகத் தெரிகிறது, இவ்வளவு பலியும் எதற்காக என்ற கேள்வி தானாக எழுகிறது என்கிறார். பதில்: சுதந்திரம் பற்றிய உணர்வு வளர்வதற்காக. கீழ்த்திசையில் ஒருவன் மட்டும் சுதந்திரன், கிரேக்கத்திலும் ரோமிலும் சிலர், ஜெர்மானிய உலகில் எல்லோரும். மனிதர்கள் தங்கள் ஆசைக்காக அடித்துக்கொள்கிறார்கள், அவர்களுக்கே தெரியாமல் பகுத்தறிவு தன் வேலையை முடித்துக்கொள்கிறது.

பதில் பிரமாண்டமானதுதான். அதைச் சொல்ல ஹெகலுக்கு ஒரு வரைபடம் தேவைப்பட்டது. சூரியனைப் போல வரலாறு கிழக்கிலிருந்து மேற்கே போகிறது. ஆப்பிரிக்காவுக்கு வரலாறே இல்லை. இந்தியாவில் கவிதை உண்டு, தத்துவம் உண்டு, வரலாறு எழுதும் வழக்கம் இல்லை, ஆகவே உண்மையான வரலாறும் இல்லை. அவர் படிக்காமல் சொல்லவில்லை என்பதுதான் வேதனை. கோல்புரூக்கின் கட்டுரைகளைப் படித்தார். ஹும்போல்ட் பகவத்கீதை பற்றி எழுதியதை 1827இல் நீளமாக விமர்சித்தார். படித்ததையெல்லாம் முன்பே வரைந்து வைத்த கட்டங்களில் போட்டார்.

இங்கே ஒரு தகவலைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1806 அக்டோபரில் யேனா நகரில் நெப்போலியன் குதிரையில் போவதைப் பார்த்து, உலக ஆன்மாவையே பார்த்ததாக ஹெகல் நண்பருக்குக் கடிதம் எழுதியது பிரசித்தம். அந்த நாட்களில் அவர் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரியின் வயிற்றில் அவர் குழந்தை இருந்தது. 1807 பிப்ரவரியில் பிறந்தான் லுட்விக். திருமணத்துக்கு வெளியே பிறந்தவன். சில காலம் அப்பாவின் வீட்டில் வளர்ந்தான், ஒட்டவில்லை. கடைசியில் டச்சுக் காலனிப் படையில் சேர்ந்து கிழக்கிந்தியத் தீவுகளுக்குப் போனான். 1831 ஆகஸ்டில் பட்டேவியாவில், இன்றைய ஜகார்த்தாவில், காய்ச்சலில் இறந்தான். அதே வருடம் நவம்பர் 14 அன்று ஹெகல் இறந்தார். மகன் இறந்த செய்தி அவருக்கு எட்டவில்லை. அப்பா வரலாறு முடிந்துவிட்டது என்று கோடு போட்ட கிழக்கில், ஐரோப்பாவின் படைவீரனாக மகன் செத்தான்.

காண்ட் தாண்டிப்போன இடத்தில் நின்று முதலில் முறைத்தவர் அவருடைய பழைய மாணவர் ஹெர்டர். ஒவ்வொரு மக்கள் கூட்டத்துக்கும் அதனதன் மகிழ்ச்சியின் மையம் அதற்குள்ளேயே இருக்கிறது, யாரும் யாருக்கும் படிக்கட்டு இல்லை என்று அவர் 1774இலேயே எழுதியிருந்தார். 1785இல் காண்ட் அவருடைய இன்னொரு நூலுக்கு எழுதிய மதிப்புரை கொஞ்சம் கசப்பானது, ஹெர்டர் கடைசிவரை மன்னிக்கவில்லை. ஹெர்டர் அப்படி எழுதி 80 வருடம் கழித்து, 1854இல், ரான்கே பவேரிய அரசர் இரண்டாம் மாக்சிமிலியனுக்கு ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் வரலாற்று வகுப்பு எடுத்தபோது இதே விஷயத்துக்கு வந்தார். பின்னால் வருகிறவர்களுக்கு ஏணியாக இருந்ததால்தான் முன்னால் வந்தவர்களுக்கு மதிப்பு என்றால் கடவுள் அநியாயக்காரர் ஆகிவிடுவார் என்றார். ஒவ்வொரு காலமும் இடைத்தரகர் இல்லாமல் நேராகக் கடவுள் முன் நிற்கிறது என்பது அவர் முடிவு. ரான்கே என்றாலே ஆவணக்கிடங்குப் புழு என்று நினைக்கிறவர்கள் இந்த இடத்தைப் பார்க்க வேண்டும். அரசருக்கு அது பிடித்ததா என்பது வேறு விஷயம், அவர் முன்னேற்றம் பற்றித்தான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கடவுளை நம்பாத ஒருவரும் இதே இடத்துக்கு வந்தார், ரஷ்யரான ஹெர்சன். 1848 ஜூனில் பாரிஸ் தெருக்களில் தொழிலாளர்களைச் சுட்டுக்கொன்றதைப் பார்த்தவர். ‘மறுகரையிலிருந்து’ என்ற நூலில் அவர் கேட்கிறார்: மேல்மாடியில் என்றோ யாரோ நடனமாடுவதற்காக, இன்று உயிரோடிருப்பவர்களைத் தளத்தைத் தாங்கும் சிலைத் தூண்களாக நிறுத்தி வைக்கப்போகிறீர்களா? இவ்வளவு தூரத்தில் இருக்கிற இலக்கு, இலக்கே இல்லை, ஏமாற்று என்கிறார். இத்தனைக்கும் அவர் புரட்சிக்காரர், கடைசிவரை.

மார்க்ஸ் பற்றிக் கேட்பீர்கள் என்று தெரியும். இரண்டு மார்க்ஸையும் சொல்லிவிடுகிறேன். 1853இல் ‘நியூயார்க் டெய்லி ட்ரிப்யூன்’ பத்திரிகையில் இந்தியா பற்றி எழுதியவர் ஒருவர். நெசவாளர்களின் அழிவை உருக்கமாக எழுதுகிறார். கிராம சமுதாயங்கள் சிதைவதைப் பார்க்க வேதனையாக இருக்கிறது என்கிறார். பிறகு, இங்கிலாந்து என்ன குற்றம் செய்திருந்தாலும் ஆசியாவில் சமூகப் புரட்சியைக் கொண்டுவருவதில் அது வரலாற்றின் தன்னறிவில்லாத கருவி என்று சொல்லி, கேதேயின் கவிதை ஒன்றோடு கட்டுரையை முடிக்கிறார். ஹெகலின் வெட்டுமேடைதான், இடம் மட்டும் டாக்காவுக்கு மாறியிருக்கிறது.

இன்னொருவர் கிழட்டு மார்க்ஸ். ரஷ்ய மொழி கற்றுக்கொண்டு ரஷ்யக் கிராமப் புள்ளிவிவரங்களில் மூழ்கியிருந்தவர். 1877இல் ரஷ்யப் பத்திரிகை ஒன்றின் ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினார், அனுப்பவில்லை. அவர் இறந்த பிறகு ஏங்கல்ஸ் காகிதங்களில் கண்டெடுத்தார். மேற்கு ஐரோப்பாவில் முதலாளியம் பிறந்த கதையை நான் எழுதினேன், அதை எல்லா மக்களும் போயே தீர வேண்டிய பாதை என்ற பொதுத் தத்துவமாக ஆக்காதீர்கள் என்கிறார் அதில். உதாரணமும் தருகிறார்: பழைய ரோமில் சிறு விவசாயிகள் நிலத்தை இழந்தார்கள், ஒரு பக்கம் பெருநிலமும் பணமும் குவிந்தன, மறுபக்கம் ஒன்றுமில்லாதவர்கள் நின்றார்கள். ஆனால் அவர்கள் கூலித் தொழிலாளர்கள் ஆகவில்லை, வெட்டிக் கும்பலானார்கள். பார்ப்பதற்கு ஒன்று போலிருக்கும் நிகழ்ச்சிகள், வேறு சூழலில் வேறு முடிவு. 1881இல் வேரா ஸசூலிச் என்ற ரஷ்யப் புரட்சிக்காரப் பெண் ஜெனிவாவிலிருந்து கடிதம் போட்டார்: எங்கள் கிராமக் கூட்டுடைமை அழிந்தே தீர வேண்டுமா? உங்கள் சீடர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். மார்க்ஸ் பதிலை அடித்து அடித்து எழுதினார். பக்கம் பக்கமான வரைவுகள். கடைசியில் மார்ச் 8 தேதியிட்டு அனுப்பியது மிகச் சுருக்கமான கடிதம்: நான் சொன்ன தவிர்க்கமுடியாமை மேற்கு ஐரோப்பிய நாடுகளுக்கு மட்டும்.

அந்த வரைவுகள் அச்சேற 1920கள் ஆயின. கிராமக் கூட்டுடைமை பற்றி மார்க்ஸ் இப்படித் தயங்கினார் என்று தெரிந்த அந்த ரஷ்ய நாட்டில், சில வருடங்களில் கட்டாயக் கூட்டுப்பண்ணை வந்தது, பஞ்சம் வந்தது. 1938இல் கம்யூனிஸ்ட் கட்சி வெளியிட்ட பாடநூலில் வரலாற்றுக்கு விதிகள் இருந்தன, தயக்கம் இல்லை. வரலாற்றின் மாறாத விதி என்ற நம்பிக்கைக்குப் பலியான, எல்லா இனத்தையும் நாட்டையும் சேர்ந்த எண்ணற்றவர்களுக்கு என்று கார்ல் பாப்பர் 1957இல் தன் நூலைக் காணிக்கையாக்கினார். நூலின் தர்க்கத்தில் ஓட்டைகள் உண்டு, மார்க்ஸை அவர் வாசித்த விதத்தில் அதைவிடப் பெரிய ஓட்டைகள் உண்டு. காணிக்கைப் பக்கத்தில் ஓட்டை இல்லை.

வால்டர் பெஞ்சமின் எழுதிய ‘வரலாற்றின் தேவதை’ பற்றி எல்லோரும் பேசிவிட்டார்கள். வரலாறு பற்றி 1940இல் அவர் எழுதிய அந்தக் குறிப்புகளில், சில வரிகள் செய்தித்தாள் சுற்றி வந்த காகிதப் பட்டைகளில் எழுதப்பட்டவை, நான் பன்னிரண்டாவதைப் பார்க்கச் சொல்வேன். ஜெர்மன் சமூக ஜனநாயகக் கட்சி தொழிலாளர்களை வருங்காலத் தலைமுறைகளை மீட்பவர்கள் என்று நம்பப் பழக்கியது, அதனால் அவர்கள் வெறுக்கவும் மறந்தார்கள், தியாகம் செய்யவும் மறந்தார்கள் என்கிறார். போராட்டத்துக்குத் தெம்பு கொடுப்பது விடுதலையாகப்போகும் பேரப்பிள்ளைகளின் கனவு இல்லையாம், அடிமைப்பட்டுக் கிடந்த பாட்டன்களின் நினைவாம். காண்டின் வீட்டுக்கு வெளியே நிற்கிறவர்களுக்காக இவ்வளவு கோபத்தோடு யாரும் எழுதியதில்லை. அந்த செப்டம்பரில் ஸ்பெயின் எல்லையில் போர்ட்போ ஊரில் அவர் தற்கொலை செய்துகொண்டார். கையெழுத்துப் பிரதியை ஹன்னா ஆரெண்ட் நியூயார்க்குக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

இவர்கள் பேச்சைக் கேட்டு, வரலாற்றுக்குத் திசை தேடுவதையே விட்டுவிடலாமா? 1979இல் லியோதார் பெருங்கதைகளின் காலம் முடிந்தது என்றார். பத்து வருடம் கழித்து ஃபுகுயாமா பெருங்கதை நல்லபடியாக முடிந்துவிட்டது என்றார். இருவர் சொன்னதும் எனக்குச் சரியாகப் படவில்லை. காரணம், காண்டின் விசித்திரம் அதற்குள் தலைகீழாகத் திரும்பிவிட்டது. முன்னோர் உழைக்க, பின்னோர் அனுபவிப்பார்கள் என்பதுதான் அவருக்கு உறுத்தியது. முன்னோர் அனுபவித்துவிட்டுப் போக, பின்னோர் கடனைக் கட்டுவார்கள் என்பது அவர் நினைத்தே பார்க்காதது. ஹான்ஸ் யோனாஸ் 1979இல் பொறுப்பு பற்றி எழுதிய நூலில் இதைத் தொட்டார். 2009இல் தீபேஷ் சக்ரபர்த்தி காலநிலை பற்றி எழுதிய கட்டுரையில், நிலக்கரியும் எண்ணெயும் எரித்துத்தான் நவீன சுதந்திரங்களின் மாளிகையே எழுந்தது என்று காட்டினார். முன்னேற்றத்தின் வரலாறும் புவியின் வரலாறும் இனித் தனித்தனியாக எழுத முடியாதவை என்பது அவர் வாதம். ஹெகலின் சுதந்திரத்துக்கு இப்படி ஒரு எரிபொருள் கணக்கு உண்டு என்று பெர்லின் வகுப்பறையில் யாருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை.

தத்துவவாதிகள் இருநூறு வருடம் சுற்றிவந்த இந்த விவகாரம் கடைசியில் ஒரு நீதிமன்றத்துக்குப் போனது. ஜெர்மனியின் 2019ஆம் ஆண்டுக் காலநிலைச் சட்டம், 1990இல் இருந்த அளவைவிட 2030க்குள் 55 சதவீத உமிழ்வைக் குறைப்பது என்று இலக்கு வைத்திருந்தது. அதற்கப்புறம் என்ன என்று போதுமான அளவு சொல்லவில்லை. இளைஞர்கள் சிலர் வழக்குப் போட்டார்கள். கார்ல்ஸ்ரூஹேயில் இருக்கும் அரசியல் சட்ட நீதிமன்றம் 2021 ஏப்ரலில் தீர்ப்பை வெளியிட்டது: இன்றைய தலைமுறை இலேசான சுமையோடு மிச்சமிருக்கும் கரிம உமிழ்வு அளவில் பெரும்பங்கைத் தீர்த்துவிட்டு, பின்வரும் தலைமுறையின் சுதந்திரத்தைப் பறிக்கும் அளவுக்கு முழுச் சுமையையும் 2030க்குப் பிறகு தள்ள முடியாது. சில மாதங்களில் சட்டம் திருத்தப்பட்டது, 55 என்பது 65 ஆயிற்று.

அந்த வழக்கைத் தொடுத்தவர்களில் வங்காளதேசத்தையும் நேபாளத்தையும் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். அவர்களுடைய மனுவையும் நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்றுக்கொண்டது. ஆனால் அவர்கள் விஷயத்தில் ஜெர்மன் அரசு கடமை தவறியதாகக் கண்டறியவில்லை. அவர்கள் நாட்டில் கரை கட்டவோ ஊரை மாற்றவோ ஜெர்மனிக்கு அதிகாரம் இல்லை, எனவே உள்நாட்டவருக்கு உள்ள அதே அளவில் பாதுகாப்புக் கடமை அவர்களுக்கு இருக்க முடியாது என்பது நீதிமன்றம் சொன்ன காரணங்களில் ஒன்று. பிறக்காத ஜெர்மானியர்களுக்குக் கணக்கில் ஒரு பத்தி திறந்திருக்கிறது, பிறந்துவிட்ட வங்காளிகளுக்கு இன்னும் திறக்கவில்லை. உங்கள் கேள்விகளை இங்கிருந்தே தொடங்கலாம் என்று நினைக்கிறேன்.